காய்ச்சல் எத்தனையாம் நாள்?

மழை விட்டு இரண்டு வாரம் ஆனால் போதும், கடலூரிலும் புதுச்சேரியிலும் லேப் வாசல்களில் கூட்டம் நிற்க ஆரம்பித்துவிடும். இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆன்டிபாடி டெஸ்ட் பற்றித்தான் இருந்தன. பாசிட்டிவ் என்று வந்தவர்கள் பயந்து எழுதியிருக்கிறார்கள், நெகட்டிவ் என்று வந்தவர்கள் ஏமாந்துபோய் எழுதியிருக்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மைக்ரோபயாலஜி லேபில் முப்பது வருடம் இருந்தவள் நான், இந்த விஷயத்தில் எனக்கு ஆதங்கம் நிறைய உண்டு.

முதலில் ஒன்று. ஆன்டிபாடி என்பது வைரஸ் இல்லை. வைரஸ் உள்ளே வந்ததைப் பார்த்து நம் உடம்பு செய்கிற புரதம் அது. அதைச் செய்ய உடம்புக்கு நாள் பிடிக்கும், செய்து முடித்த பிறகு அது உடனே மறைந்தும் போகாது. முதலில் வருவது ஐஜிஎம். பின்னால் வந்து வருடக்கணக்கில் தங்குவது ஐஜிஜி. கீழே வரும் கேள்விகளில் முக்கால்வாசிக்கு பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

கே: என் மகனுக்கு 9 வயது. காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே டெங்கு ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் எடுத்தோம், நெகட்டிவ். டெங்கு இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, ஆனால் வாந்தியும் வயிற்று வலியும் வந்து பையன் துவண்டுபோனான். வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், அங்கே ஐஜிஎம் பாசிட்டிவ் என்றார்கள். முதல் லேப் தப்பான ரிப்போர்ட் கொடுத்துவிட்டதா டாக்டரம்மா? — வாசகி, கூத்தப்பாக்கம், கடலூர்

பையன் இப்போது நன்றாக இருக்கிறான் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள், அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது அம்மா.

முதல் லேப் ரிப்போர்ட் பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். டெங்குவில் ஐஜிஎம் ரத்தத்தில் தெரிய ஆரம்பிப்பதே நான்காம், ஐந்தாம் நாளில்தான். இரண்டாம் நாள் எடுத்த ரத்தத்தில் அது இல்லை என்பது உண்மை. அந்த உண்மையை "டெங்கு இல்லை" என்று படித்ததுதான் தப்பு. அந்தத் தப்பு உங்களுடையது இல்லை. எந்த நாளில் எந்த டெஸ்ட் எடுக்கவேண்டும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை.

முதல் ஐந்து நாளுக்குள் எடுக்கவேண்டியது என்எஸ்1. அது ஆன்டிபாடி இல்லை, வைரஸே வெளியே விடுகிற ஒரு புரதம், காய்ச்சல் வந்த முதல் நாளிலிருந்தே அகப்படும். ஐந்து நாள் தாண்டினால் ஐஜிஎம் எலிசா. (எலிசா என்பது கார்டில் இல்லாமல் லேபில் குழித்தட்டில் வைத்துச் செய்கிற டெஸ்ட்.) நம் நாட்டு டெங்கு வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: ஆரம்பத்தில் என்எஸ்1 எலிசா, பிறகு ஐஜிஎம் எலிசா. அரசு கண்காணிப்பு மையங்களில் புனே தேசிய வைராலஜி நிறுவனத்தின் ஐஜிஎம் எலிசா கிட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். என்எஸ்1 நெகட்டிவ் என்றாலும் முழுசாக நம்பிவிட முடியாது. ஏற்கெனவே ஒரு முறை டெங்கு வந்து போனவர்களுக்கு ரத்தத்தில் பழைய ஆன்டிபாடி இருக்கும், அது இந்த என்எஸ்1 புரதத்தோடு ஒட்டிக்கொண்டு டெஸ்ட்டுக்கு அகப்படாமல் செய்துவிடும். அவர்களுக்கு ஐஜிஎம்மும் குறைவாகவே வரலாம், சிலருக்கு வராமலே போகலாம், ஐஜிஜி மட்டும் விறுவிறுவென்று ஏறும். இரண்டாம் தடவை வருகிற டெங்குதான் அதிகம் ஆபத்தானது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களிடம்தான் டெஸ்ட்டும் கொஞ்சம் தடுமாறுகிறது.

லேபுக்கு ரத்தம் அனுப்பும்போது கூடவே ஒரு படிவம் வரும். பெயர், வயது, ஆண் பெண், அப்புறம் "காய்ச்சல் தொடங்கிய தேதி" என்று ஒரு கட்டம். நான் பார்த்த படிவங்களில் அந்தக் கட்டம் நிறைந்து வந்தது மிகவும் குறைவு. ஒரு கோடு இழுத்திருப்பார்கள், அல்லது "3/7" என்று எழுதியிருப்பார்கள், அது மூன்று நாளா ஏழு நாளா, ஜூலை மூன்றா என்று யாருக்கும் தெரியாது. போன் செய்து கேட்டால் "ஒரு வாரமா காய்ச்சல் மேடம்" என்பார்கள். ஒரு வாரம் என்றால் நம் ஊரில் நான்கு நாளும் ஒரு வாரம்தான், பத்து நாளும் ஒரு வாரம்தான். ஐஜிஎம் விஷயத்தில் நான்குக்கும் பத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அடுத்த முறை உங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், காலண்டரில் அந்தத் தேதியைப் பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள், லேபில் நீங்களே சொல்லுங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கவனிக்கவேண்டிய நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும்போதுதான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். விடாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், குழந்தை சோர்ந்து படுத்துக்கொள்வது, சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் கையில் என்ன ரிப்போர்ட் இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடவேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அதன் பக்கத்திலேயே ஹெமட்டோக்ரிட் என்று ஒரு எண் இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை பங்கு என்று சொல்வது, அது ஏறுகிறதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். நீர் கசிவதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

கே: லேபில் கார்டு டெஸ்ட் எடுத்தபோது ஒரு கோடுதான் இருந்தது. டீ குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தது. எதை எடுத்துக்கொள்வது? — வாசகர், மஞ்சக்குப்பம்

பெரும்பாலான கார்டுகளை 15லிருந்து 20 நிமிடத்துக்குள் படித்துவிடவேண்டும், சரியான நேரம் கிட் அட்டையிலேயே அச்சடித்திருக்கும். நேரம் தாண்டினால் பட்டை காய்ந்து, ஓடிப்போன திரவம் திரும்பி வந்து, இல்லாத கோடு நிழல் மாதிரி வரும். நீங்கள் பிறகு பார்த்த கோடு கணக்கில் சேராது. ஆனால் சொன்ன நேரத்துக்குள்ளேயே மங்கலாக ஒரு கோடு வந்திருந்தால் அது பாசிட்டிவ்தான், மங்கல் என்பதற்காகத் தள்ளக்கூடாது. கார்டு சரியாக வேலை செய்ததா என்று காட்டும் 'சி' என்ற இடத்தில் கோடே இல்லையென்றால் அந்தக் கார்டு செல்லாது, வேறு கார்டில் மறுபடி செய்யவேண்டும். எப்படி இருந்தாலும் கார்டு என்பது முதல் துப்புதான், முடிவு எலிசாவில். எலிசா ரிப்போர்ட் வர ஏன் ஒரு நாள், இரண்டு நாள் ஆகிறது என்று நிறையப் பேர் கோபப்படுகிறார்கள். அது 96 குழி உள்ள தட்டில் செய்கிற வேலை, ஒரே ஒருவருக்காக ஒரு தட்டைப் பிரிக்கமுடியாமல் மாதிரிகள் சேரும்வரை வைத்திருப்பார்கள், டெஸ்ட் சரியாக நடந்ததா என்று பார்க்கும் கன்ட்ரோலுக்கே நான்கு குழி போய்விடும். அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கே: என் அண்ணன் மகளுக்கு 9 நாளாகக் காய்ச்சல். டெங்கு ஐஜிஎம் பாசிட்டிவ், ஆனால் மருந்துக்கு அசையவே இல்லை. டெங்கு இத்தனை நாள் நீடிக்குமா? — வாசகர், பண்ருட்டி

நீடிக்காது தம்பி, டெங்கு காய்ச்சல் ஒரு வாரத்தைத் தாண்டுவது அபூர்வம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் நான் காத்திருக்காமல் உங்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால், இதே மாதிரி ஐப்பசி கடைசியில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண்ணின் ரத்தம் எங்களிடம் வந்தது. முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்குகிற குடும்பம். கார்டில் டெங்கு ஐஜிஎம் பாசிட்டிவ், படிவத்தில் காய்ச்சல் நாள் இல்லை. நானே வார்டுக்குப் போய்க் கேட்டேன், பத்தாம் நாள் என்றார் அவள் அம்மா. பத்தாம் நாளும் 103 டிகிரி. புடவையை விலக்கிப் பார்க்கச் சொன்னேன். இடது அக்குளுக்குப் பின்னால், அவள் கண்ணுக்கே படாத இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்து, வலியே இல்லாமல். ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் தோப்பிலும் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது, வைரஸ் இல்லை, பாக்டீரியா. டாக்சிசைக்ளின் கொடுத்து இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. இன்னும் மூன்று நாள் டெங்கு என்றே வைத்துக்கொண்டிருந்தால் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போயிருக்கும்.

அப்படியானால் டெங்கு ஐஜிஎம் பொய்யா? இரண்டில் ஒன்று. டெங்கு ஐஜிஎம் ஒரு முறை வந்தால் இரண்டு மூன்று மாதம் வரை ரத்தத்தில் இருக்கும். புரட்டாசியில் அவளுக்கு லேசாக டெங்கு வந்து, இரண்டு நாள் காய்ச்சலோடு தானாகப் போயிருக்கலாம், அதன் ஐஜிஎம் ஐப்பசியில் அகப்பட்டிருக்கலாம். இல்லையென்றால் கார்டு தப்பாகக் காட்டியிருக்கலாம். மலேரியா, எலிக்காய்ச்சல், மூட்டுவாதக்காரர்களுக்கு இருக்கும் ருமட்டாய்ட் ஃபேக்டர், இவை எல்லாம் ஐஜிஎம் கார்டைக் குழப்பக்கூடியவை. எதுவாக இருந்தாலும் அந்த ஒரு கோடு, இப்போது எரிகிற காய்ச்சலுக்குக் காரணம் அதுதான் என்று சொல்லவில்லை. நம் பகுதியில் மழைக்காலத்தில் டெங்கு, ஸ்க்ரப், எலிக்காய்ச்சல் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒரு பாசிட்டிவ் வந்ததும் மற்ற இரண்டையும் மறந்துவிடுவதுதான் நான் திரும்பத் திரும்பப் பார்த்த விபத்து.

(போகிற போக்கில்: "டைபாய்டு லேசா இருக்கு" என்று வைடால் டெஸ்ட்டை வைத்துச் சொல்கிறார்களே, அதுவும் ஆன்டிபாடி டெஸ்ட்தான், இவற்றை எல்லாம்விட நம்பகம் குறைந்தது. டைபாய்டுக்கு ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்னால் ரத்தத்திலிருந்து கிருமியையே வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள்.)

கே: வயது 67. ஒரு ஹெல்த் செக்கப் பேக்கேஜில் டெங்கு ஐஜிஜி பாசிட்டிவ் என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. எனக்குக் காய்ச்சலே இல்லை. — வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

சார், எப்போதோ ஒரு காலத்தில் டெங்கு வைரஸ் உங்கள் உடம்புக்குள் வந்து போயிருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். டெங்கு பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே வந்து போகும், வந்ததே தெரியாது. சிகிச்சை எதுவும் வேண்டாம். இங்கே ஒரு வேடிக்கையான சிக்கலும் உண்டு: ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸும் டெங்கு வைரஸும் ஒரே குடும்பம், ஒன்றின் ஐஜிஜி மற்றதன் டெஸ்ட்டில் ஒட்டிக்கொள்ளும். நெல் வயல் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு பரப்புகிற நோய் அது, கடலூர் மாவட்டத்துக்குப் பழைய பரிச்சயம், அதற்காகத்தான் இங்கே குழந்தைகளுக்குத் தடுப்பூசியே போடுகிறார்கள். வயல் பக்கம் வளர்ந்தவர் என்றால் அதுவாகவும் இருக்கலாம். உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், டெங்குவில் நான்கு வகை இருக்கிறது, ஒன்று வந்தால் அந்த ஒன்றுக்குத்தான் நெடுங்கால எதிர்ப்பு. அடுத்த முறை காய்ச்சல் வந்தால் இந்த ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சல் இல்லாதவருக்கு டெங்கு ஐஜிஜி எடுக்கும் பேக்கேஜுக்கு இனி பணம் கட்டாதீர்கள்.

கே: கல்லூரி முகாமில் ரத்த தானம் செய்தேன். இரண்டு வாரம் கழித்து ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு ஹெபடைட்டிஸ் சி ரியாக்டிவ், இனிமேல் தானம் செய்யாதே என்றார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்கு 21 வயது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. — வாசகர், கடலூர்

தம்பி, ரியாக்டிவ் என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு போனை வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் முதலில் போய் நன்றாகச் சாப்பிடுங்கள். பிறகு இதை நிதானமாகப் படியுங்கள், கொஞ்சம் கணக்கு இருக்கிறது.

ரத்த வங்கியில் தானமாக வரும் ஒவ்வொரு பைக்கும் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஐந்தும் கட்டாயம் பார்க்கவேண்டும். அந்த டெஸ்ட்டின் வேலை, கெட்ட ரத்தம் ஒரு பைகூட நோயாளிக்குப் போய்விடக்கூடாது என்பது. அதனால் சந்தேகம் வந்தாலே தள்ளிவிடுகிற மாதிரிதான் அதை அமைத்திருப்பார்கள். பையைத் தள்ளுவதற்கு அது போதும், ஒரு மனிதனிடம் உனக்கு நோய் என்று சொல்வதற்குப் போதாது.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போல 10,000 பேர் தானம் செய்கிறார்கள், அதில் 50 பேருக்கு உண்மையிலேயே தொற்று இருக்கிறது. டெஸ்ட் அந்த 50 பேரையும் பிடித்துவிடுகிறது. மீதி 9,950 பேர் சுத்தமானவர்கள், அவர்களில் நூற்றுக்கு 99 பேரைச் சரியாக நெகட்டிவ் என்று சொல்கிறது, ஒருவரை மட்டும் தப்பாகப் பாசிட்டிவ் என்கிறது. நூற்றுக்கு ஒன்றுதானே என்று தோன்றும், ஆனால் 9,950இல் அது கிட்டத்தட்ட 100 பேர். ஆக ரியாக்டிவ் என்று போன் போனவர்கள் 150 பேர், அதில் நிஜமாகத் தொற்று உள்ளவர்கள் 50 பேர். மூன்றில் ஒருவர். 99 சதவீதம் சரியான டெஸ்ட்டாக இருந்தும், பாசிட்டிவ் வந்த மூவரில் இருவருக்கு ஒன்றுமே இல்லை. நோய் அபூர்வமாக இருக்கிற கூட்டத்தில் டெஸ்ட் போட்டால் இப்படித்தான் வரும். இதே டெஸ்ட்டை நோய் அதிகம் உள்ள ஒரு இடத்தில், உதாரணத்துக்கு பல வருடம் டயாலிசிஸ் செய்துகொண்டவர்களிடம் போட்டால், அங்கே வரும் பாசிட்டிவ்களில் பெரும்பாலானவை உண்மையாக இருக்கும். கிட் ஒன்றுதான், மாறினது ஆட்கள். நீங்கள் ரத்தம் ஏற்றிக்கொண்டதில்லை, ஆபரேஷன் இல்லை, ஊசி போதைப் பழக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் அந்த இருவரில் ஒருவராக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கிட்டுக்குக் கிட் இந்தக் கணக்கு மாறும், இப்போதைய நல்ல எலிசாக்கள் நான் சொன்னதைவிடத் துல்லியமானவை, அதனால் உறுதி செய்யாமல் விட்டுவிடவும் கூடாது.

உண்மையிலேயே ஆன்டிபாடி இருந்தாலும்கூட அது வைரஸ் இப்போது இருக்கிறது என்று சொல்வதில்லை. ஹெபடைட்டிஸ் சி வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது தானாகவே போய்விடுகிறது, ஆன்டிபாடி மட்டும் தழும்பு மாதிரி நின்றுவிடும். எனவே நீங்கள் எடுக்கவேண்டிய டெஸ்ட் எச்சிவி ஆர்என்ஏ (எச்சிவி என்பது ஹெபடைட்டிஸ் சி வைரஸ்), வைரல் லோட் என்பார்கள், அது வைரஸையே தேடுகிற பி.சி.ஆர் டெஸ்ட். 2018 ஜூலை 28இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்த டெஸ்ட்டும் மருந்தும் இலவசம். மாவட்ட அரசு மருத்துவமனையில் கேட்டால் எங்கே போகவேண்டும் என்று சொல்வார்கள். ஆர்என்ஏ இல்லை என்று வந்தால் உங்களுக்கு நோய் இல்லை. இருக்கிறது என்று வந்தால், இதை நன்றாகக் கேளுங்கள், பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரை, நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முழுசாகக் குணமாகிறது. நான் படிக்கிற காலத்தில் இந்த வைரஸுக்குப் பெயர்கூட இல்லை, 1989இல்தான் கண்டுபிடித்தார்கள், இன்று மாத்திரையில் போகிறது. குணமான பிறகும் ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ் என்றே காட்டும், வேலைக்கு மெடிக்கல் எடுக்கும்போது யாராவது அதைப் பிடித்துக்கொண்டு தொந்தரவு செய்தால் ஆர்என்ஏ ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். அம்மாவிடம் சொல்வதென்றால் ஆர்என்ஏ எடுக்கப் போகும்போதே சொல்லுங்கள், கூட ஒரு ஆள் இருப்பது நல்லது.

கே: மூன்று மாதக் கர்ப்பம். டார்ச் டெஸ்ட்டில் ரூபெல்லா ஐஜிஜி, சிஎம்வி ஐஜிஜி இரண்டும் பாசிட்டிவ், ஐஜிஎம் எல்லாம் நெகட்டிவ். குழந்தைக்குக் குறை வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். 2017இல் பள்ளியில் ஒரு ஊசி போட்டார்கள், அதனால் ஏதாவது ஆகுமா? — வாசகி, அரியாங்குப்பம்

அந்த அக்காவிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்து விடுங்கள் அம்மா. டார்ச் என்பது வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளைச் சேர்த்துப் பார்க்கும் டெஸ்ட், ரூபெல்லாவும் சிஎம்வி என்ற சைட்டோமெகலோ வைரஸும் அதில் அடங்கும். ரூபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ் என்பது நல்ல செய்தி. உங்களுக்கு எதிர்ப்பு இருக்கிறது, இந்தக் கர்ப்பத்தில் ரூபெல்லா உங்கள் குழந்தையைத் தொட வாய்ப்பு மிகமிகக் குறைவு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 9 மாதத்திலிருந்து 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி போட்டார்கள், நீங்கள் சொல்வது அதுதான். அன்று போட்ட ஊசி இன்று இந்த ரிப்போர்ட்டில் பாசிட்டிவாக நிற்கிறது. சிஎம்வி ஐஜிஜி நம் நாட்டுப் பெண்களில் பெரும்பாலானவர்களுக்குச் சின்ன வயதிலேயே வந்திருக்கும்.

ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தவர்களும் உடனே கருவைக் கலைக்க ஓடவேண்டாம். கர்ப்பத்தில் ஐஜிஎம் தப்பாகக் காட்டுவது சகஜம், சிலருக்குப் பழைய ஐஜிஎம் மாதக்கணக்கில் தங்கியும் இருக்கும். ஐஜிஜி அவிடிட்டி என்று ஒரு டெஸ்ட் உண்டு, ஆன்டிபாடி எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று பார்ப்பது. புதிதாகச் செய்த ஆன்டிபாடி தளர்வாக ஒட்டும், மாதங்கள் போகப்போக இறுகும். இறுக்கம் அதிகம் என்றால் தொற்று சில மாதங்களுக்கு முந்தையது, கர்ப்பத்துக்கு முன்னால் வந்ததாகக்கூட இருக்கலாம். ஒரு ஐஜிஎம் கோட்டை வைத்து வேண்டிக் காத்திருந்த கர்ப்பத்தை இழந்த ஒரு தம்பதியை எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கே: 2021இல் தடுப்பூசி போட்ட பிறகு கொரோனா ஆன்டிபாடி எடுத்தேன், ஆயிரத்துக்கு மேல் இருந்தது. இப்போது மறுபடி எடுத்துப் பார்க்கலாமா? — வாசகர், நெல்லிக்குப்பம்

வேண்டாம். எந்த எண்ணுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவு ஒன்று கிடையாது, ஒரு கம்பெனி கிட்டின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடவும் முடியாது. கோவிஷீல்டு போட்டவருக்கு வைரஸின் வெளிப்பக்கத்து ஸ்பைக் புரதத்துக்கான ஆன்டிபாடிதான் வரும், உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கான ஆன்டிபாடி எடுத்தால் நெகட்டிவ் காட்டி வீணாகப் பயமுறுத்தும். 2020 ஏப்ரலில் வெளிநாட்டிலிருந்து வந்த ரேபிட் ஆன்டிபாடி கிட்கள் ஊருக்கு ஊர் வேறு வேறு மாதிரி காட்டி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரே அவற்றை நிறுத்தச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த மாதமே கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பிய நம் மாவட்டத் தொழிலாளர்களுக்குத் தொற்று வரிசையாக வந்தபோது அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த பி.சி.ஆர். ஊரில் எத்தனை பேருக்கு வந்து போயிருக்கிறது என்று எண்ணுவதற்கு ஆன்டிபாடி உதவியது. 2021 ஜூன், ஜூலையில் நடந்த நாலாவது தேசியக் கணக்கெடுப்பில் 67.6 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது அப்படித்தான் தெரிந்தது. தனி ஒருவருக்கு அதில் பெரிய பிரயோஜனம் இல்லை.

கே: ஒரு தவறான உறவு நடந்துவிட்டது. இன்றோடு 26 நாள். 8ஆம் நாள், 15ஆம் நாள், 22ஆம் நாள் என்று வேறு வேறு லேபில் எச்ஐவி கார்டு டெஸ்ட் எடுத்துவிட்டேன், எல்லாம் நெகட்டிவ். நம்பலாமா? தூக்கமே இல்லை. — பெயர் வேண்டாம், புதுச்சேரி

8ஆம் நாள் எடுத்ததை மறந்துவிடுங்கள், அன்று உங்களுக்குத் தொற்று இருந்திருந்தாலும் எந்த ஆன்டிபாடி டெஸ்ட்டும் காட்டியிருக்காது. 15ஆம் நாளும் அப்படியே. 22ஆம் நாள் நெகட்டிவ் கொஞ்சம் ஆறுதல், முடிவு இல்லை. ஆன்டிபாடியை மட்டும் பார்க்கும் கார்டு சிலருக்கு மூன்று வாரத்தில் காட்டும், சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகும். நாலாம் தலைமுறை எலிசா என்று கேளுங்கள், அது ஆன்டிபாடியோடு பி24 என்ற வைரஸ் புரதத்தையும் சேர்த்துப் பார்ப்பது. 45ஆம் நாள் ரத்த நாளத்திலிருந்து ரத்தம் எடுத்து லேபில் செய்த அந்த டெஸ்ட் நெகட்டிவ் என்றால் நம்பலாம். கார்டுதான் கிடைக்கிறது என்றால் 90ஆம் நாள் எடுங்கள்.

உங்களைப் போல யாராவது இதைச் சம்பவம் நடந்த மூன்று நாளுக்குள் படித்தால், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடவேண்டிய தடுப்பு மருந்து இருக்கிறது, அரசு மருத்துவமனைக்கு அன்றே ஓடுங்கள். உங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது, அதற்காக இப்போது வருந்திப் பயனில்லை.

பாசிட்டிவ் வந்தால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கார்டில் பாசிட்டிவ் வந்தால் யாரும் உங்களுக்கு எச்ஐவி என்று சொல்லக்கூடாது. வேறு வேறு முறையில் செய்த மூன்று டெஸ்ட்களும் பாசிட்டிவாக வந்தால்தான் அப்படி அறிவிக்கவேண்டும் என்பது நம் நாட்டு விதி. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் தெரியவந்தன. வேலூரில் சோதித்த எலிசாவில் பாசிட்டிவ் வந்த பிறகும், உறுதிசெய்யும் டெஸ்ட் முடியும்வரை காத்திருந்துதான் அறிவித்தார்கள். அந்த ஒழுங்கு இன்றும் அரசு மையங்களில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு நம்பிக்கை மையம் என்று பெயர், புதுச்சேரி அரசு மருத்துவமனைகளிலும் இதே பரிசோதனை, ஆலோசனை மையங்கள் உண்டு, கட்டணம் கிடையாது. உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கவோ, முடிவை வெளியே சொல்லவோ கூடாது என்று 2017ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. பேச ஆள் வேண்டும் என்றால் 1097க்குப் போன் செய்யுங்கள், பெயர் சொல்லத் தேவையில்லை.

45ஆம் நாளுக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது. நடுவில் நான்காவது லேபுக்குப் போகாதீர்கள், இன்னொரு நெகட்டிவ் வந்தாலும் அன்று இரவு தூக்கம் வராது. அதுவரை மனைவியோடு உறவென்றால் ஆணுறை கட்டாயம், ரத்த தானம் கூடாது.